வெப்பம் வகுத்த எல்லை

நுழையும்முன்

நெடுநேரம் இயங்கிய மடிக்கணினியின் அடியில் கையை வைத்தால் சூடு தெரிகிறது. கணினி வேலை செய்வதால் சூடாகிறது என்று சொல்லி அதை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். உலகின் மிகப்பெரிய செயலித் தயாரிப்பு நிறுவனம் ஒன்று, தான் அறிவித்த இலக்கைக் கைவிட்டுத் திரும்பி நடக்க அந்தச் சூடே காரணமாயிற்று. செயலி ஏன் சூடாகிறது, அந்தச் சூடு கணினியின் வேகத்திற்கு எவ்வாறு எல்லை வகுத்தது என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

செலுத்திய மின்சாரம் எங்கே போயிற்று?

மின்விசிறிக்குச் செலுத்தும் மின்னாற்றல் இறக்கைகளைச் சுழற்றிக் காற்றை நகர்த்துகிறது. கிணற்றில் இறக்கிய மோட்டார் நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. ஏறிய நீரில் அந்த ஆற்றலின் ஒரு பகுதி நிலையாற்றலாகச் சேர்ந்திருக்கிறது. கணினிச் செயலியோ எதையும் தூக்குவதில்லை, எதையும் சுழற்றுவதில்லை. பத்து இலட்சம் பெருக்கல் கணக்குகளை அது செய்து முடித்த பின்னும், கிடைத்த விடைகளில் ஆற்றல் எதுவும் சேமிக்கப்பட்டிருப்பதில்லை. அப்படியாயின் உள்ளே சென்ற மின்னாற்றல் என்ன ஆயிற்று?

ஏறத்தாழ முழுவதும் வெப்பமாயிற்று என்பதே விடை. ஆற்றல் அழிவின்மை விதி இங்கு விலக்கு எதையும் தருவதில்லை. 65 வாட் திறனில் இயங்கும் செயலி, ஆற்றல் கணக்கைப் பொறுத்தவரை, 65 வாட் வெப்பமூட்டியே. கணக்கிடுதல் என்பது அந்த வெப்பமூட்டி வழியில் செய்துவிட்டுப் போகும் வேலை என்றுகூடச் சொல்லலாம். எனவே, செயலி எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்னும் வினாவும் எவ்வளவு வெப்பம் உமிழ்கிறது என்னும் வினாவும் ஒன்றேதான்.

இச்சிக்கல் கணினியோடு உடன்பிறந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1946இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. நொடிக்கு 5,000 கூட்டல்களைச் செய்த அக்கணினி ஏறத்தாழ 150 கிலோவாட் மின்திறனை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு குழாயிலும் ஓர் இழை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். சூடேறும்போதும் ஆறும்போதும்தான் குழாய்கள் மிகுதியாகப் பழுதடைந்தன. ஆகவே, கணினியை அணைக்காமல் வைத்திருப்பதே மேல் என்று அதனை இயக்கியவர்கள் கண்டுகொண்டனர்.

குடமும் நீரும்

இன்றைய செயலியில் வெற்றிடக் குழாய்கள் இல்லை. அவற்றின் இடத்தில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஒரு மின் சாவி. அது மூடித் திறப்பதே கணினியின் 0, 1 என்னும் இரு நிலைகள். ஒரு சாவியைத் திறக்க வேண்டுமானால் அதன் வாயில் முனையில் சிறிதளவு மின்னூட்டத்தை நிரப்ப வேண்டும். மீண்டும் மூட வேண்டுமானால் அம்மின்னூட்டத்தை வெளியேற்ற வேண்டும்.

இதனைக் குடத்தில் நீர் நிரப்பிக் கவிழ்ப்பதோடு ஒப்பிடலாம். குடத்தின் அகலம் மின்தேக்குத் திறன். நீர் நிற்கும் உயரம் மின்னழுத்தம். உயரத்தை இரு மடங்காக்கினால் குடம் கொள்ளும் நீர் இரு மடங்காகும். அதோடு, அந்த நீர் விழ வேண்டிய உயரமும் இரு மடங்காகும். ஆகவே, ஒரு முறை நிரப்பிக் கவிழ்க்கச் செலவாகும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. செயலியிலும் இவ்வாறே, ஆற்றல் செலவு மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. ஒரு நொடிக்கு எத்தனை முறை குடம் கவிழ்கிறதோ அத்தனை முறையும் இச்செலவு உண்டு. அந்த எண்ணிக்கையைக் கடிகாரத் துடிப்பின் அதிர்வெண் தீர்மானிக்கிறது. 3 கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 300 கோடித் துடிப்புகள்.

செயலியின் இயங்கு திறன் = மின்தேக்குத் திறன் × மின்னழுத்தத்தின் இருமடி × அதிர்வெண்.

எல்லாச் சாவிகளும் ஒவ்வொரு துடிப்பிலும் மூடித் திறப்பதில்லை என்பதால் இப்பெருக்குத்தொகையை ஒரு பின்னத்தாலும் பெருக்க வேண்டும். இச்சிறு வாய்பாட்டில் அடுத்த முப்பது ஆண்டுக் கணினி வரலாறு அடங்கியிருக்கிறது. மின்னழுத்தத்தை 5 வோல்ட்டிலிருந்து 1 வோல்ட்டாகக் குறைக்க முடிந்தால், ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஆகும் செலவு 25இல் ஒரு பங்காகிவிடும். வேறு எந்த வழியும் இவ்வளவு ஆதாயம் தராது.

டெனார்டு தந்த வாக்குறுதி

ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டும் அவருடைய குழுவினரும் 1974இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். டிரான்சிஸ்டரின் நீளம், அகலம், தடிப்பு அனைத்தையும் பாதியாக்கி, மின்னழுத்தத்தையும் பாதியாக்கினால் என்ன நிகழும் என்று அவர்கள் கணக்கிட்டனர். டிரான்சிஸ்டர் இரு மடங்கு விரைவாக மூடித் திறக்கும். அது எடுக்கும் திறனோ கால் பங்காகும். அதன் பரப்பும் கால் பங்காகிவிடுவதால், முன்பு ஒன்று இருந்த இடத்தில் இப்போது நான்கு டிரான்சிஸ்டர்களை வைக்கலாம். நான்கும் சேர்ந்து முன்பு ஒன்று உமிழ்ந்த வெப்பத்தையே உமிழும். அதாவது, எண்ணிக்கையும் வேகமும் பெருகும். ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து எழும் வெப்பம் மட்டும் பெருகாது.

பொறியியலில் இத்தகைய பேறு அரிது. வண்டியைச் சிறிதாக்கினால் சுமை குறையும். பாலத்தை மெலிதாக்கினால் வலிமை குறையும். சிறிதாக்கச் சிறிதாக்க எல்லாவற்றிலும் ஆதாயம் என்ற நிலை டிரான்சிஸ்டருக்கு மட்டும் வாய்த்தது.

நடைமுறையில் தொழில்துறை இவ்விதியை அப்படியே பின்பற்றவில்லை. மற்றச் சில்லுகளோடு ஒத்து இயங்க வேண்டும் என்பதற்காக மின்னழுத்தத்தை நெடுங்காலம் 5 வோல்ட்டிலேயே வைத்திருந்தனர். எனவே, வெப்பம் மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. ஆனாலும் வேகம் ஏறிய விதம் எவரையும் மயக்கக்கூடியது. 1978இல் வந்த இன்டெல் 8086 செயலி 5 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. 1993இல் முதல் பென்டியம் 60 மெகாஹெர்ட்ஸை எட்டியது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பென்டியம் 4 செயலியோ 1,500 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஏழே ஆண்டுகளில் 25 மடங்கு! விளம்பரங்களில் கிகாஹெர்ட்ஸ் எண் பெரிய எழுத்தில் அச்சானது. வாட் எண்ணை எவரும் கேட்கவுமில்லை, காட்டவுமில்லை.

மூடிய குழாயில் சொட்டும் நீர்

மேற்கண்ட வாய்பாடு, குடம் கவிழும்போது மட்டுமே செலவு உண்டு என்கிறது. சாவி மூடியிருக்கும்போது மின்னோட்டம் சுழி என்று அது கொள்கிறது. உண்மையில் எந்தச் சாவியும் முழுமையாக மூடுவதில்லை. திருகி மூடிய பின்னும் சொட்டும் குழாயைப்போல, மூடிய டிரான்சிஸ்டர் வழியாகவும் சிறிது மின்னோட்டம் கசிகிறது.

மின்னழுத்தத்தைக் குறைக்கும்போது, சாவி எந்த மின்னழுத்தத்தில் திறக்கத் தொடங்குகிறதோ அந்தத் தொடக்க மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைத்தாக வேண்டும். இல்லையேல் சாவி மந்தமாகிவிடும். சிக்கல் இங்கேதான் எழுகிறது. அறை வெப்பநிலையில், மிகச் சிறந்த டிரான்சிஸ்டரில்கூடத் தொடக்க மின்னழுத்தத்தை 60 மில்லிவோல்ட் குறைத்தால் கசிவு பத்து மடங்காகும். இன்னொரு 60 குறைத்தால் நூறு மடங்கு. இதனைத் தயாரிப்புத் திறமையால் வெல்ல முடியாது. எலக்ட்ரான்கள் வெப்ப ஆற்றலால் தாமே துள்ளிக் கடப்பதன் விளைவு இது. இயற்கை இட்ட அளவு.

கசிவுக்கு இன்னொரு வாயிலும் திறந்தது. டிரான்சிஸ்டரின் வாயில் முனையை அடியிலுள்ள சிலிக்கானிலிருந்து பிரிக்கும் காப்புப் படலம், 2004 அளவில் இன்டெல் செயலிகளில் 1.2 நானோமீட்டர் தடிப்பே கொண்டிருந்தது. அது நான்கைந்து அணு அடுக்குகளே ஆகும். குவாண்டம் இயற்பியலின்படி எலக்ட்ரான்கள் அத்தகைய மெல்லிய சுவரை ஊடுருவிச் செல்லும்.

கசிவு வெப்பம் தருகிறது. வெப்பம் ஏறினால் கசிவும் ஏறுகிறது. ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழலால் மின்னழுத்தம் 1 வோல்ட்டை நெருங்கி அங்கேயே நின்றுவிட்டது. இருபது ஆண்டுகள் கடந்தும் அது அந்த அளவை ஒட்டியே இருக்கிறது. டெனார்டின் கணக்கு தவறவில்லை. அவருடைய கட்டுரை கசிவைக் கருதத் தேவையில்லாத காலத்தில் எழுதப்பட்டது.

இஸ்திரிப் பெட்டியும் செயலியும்

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைபெற்ற பன்னாட்டுத் திண்மநிலைச் சுற்றுகள் மாநாட்டில் இன்டெல் நிறுவனத்தின் பேட் கெல்சிங்கர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். போகிற போக்கிலேயே போனால், செயலியின் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து எழும் வெப்பம் அணு உலையையும், பின்னர் ஏவூர்தியின் புகைவாயையும், அதன்பின் சூரியனின் மேற்பரப்பையும் எட்டிவிடும் என்றார். கேட்டவர்களுக்கு அது மிகையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால், அதே நிறுவனம் அதே பாதையில்தான் தொடர்ந்து நடந்தது.

2004இல் வெளிவந்த புதிய பென்டியம் 4 செயலியின் சிலிக்கான் துண்டு 112 சதுர மில்லிமீட்டர் பரப்புடையது. கட்டைவிரல் நகத்தின் அளவு. அதில் 12.5 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அவ்வகையில் மிக விரைவானது 3.8 கிகாஹெர்ட்ஸில் இயங்கியது. அது வெளியேற்ற வேண்டிய வெப்பம் 115 வாட் என்று நிறுவனமே குறித்தது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டியோடு இதனை ஒப்பிடுவோம். 1,000 வாட் பெட்டியின் அடித்தகடு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், அங்கு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். துணியைப் பொசுக்கும் பெட்டியைப்போல் இருபது மடங்கு செறிந்த வெப்பத்தை, 100 டிகிரி செல்சியசைத் தாண்டாமல் அந்தச் சிறு துண்டிலிருந்து வெளியேற்ற வேண்டியிருந்தது.

அச்செயலியின் வடிவமைப்பும் வெப்பத்திற்குத் துணைபோயிற்று. அதிர்வெண்ணை உயர்த்துவதற்காக ஒவ்வொரு கட்டளையையும் 31 சிறு படிகளாகப் பிரித்திருந்தனர். படி சிறிதானால் துடிப்பு விரையும். ஆனால், நிரல் எதிர்பாராத பக்கம் திரும்பும்போது பாதிவழி வந்த வேலைகளை வீசிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். வீசப்பட்ட வேலைக்கும் மின்சாரம் செலவானதே!

2004 மே மாதத்தில் இன்டெல், அடுத்ததாக வரவிருந்த டேஜஸ் என்னும் செயலித் திட்டத்தைக் கைவிட்டது. அக்டோபரில், 4 கிகாஹெர்ட்ஸ் செயலி வெளிவராது என்றும் அறிவித்தது. அந்நிறுவனத்தின் தலைமை அலுவலர் கிரெய்க் பாரெட், அம்மாதம் நடந்த கருத்தரங்க மேடையில் முழந்தாளிட்டு, விளையாட்டாக மன்னிப்புக் கேட்டார். செய்கை விளையாட்டு, செய்தி விளையாட்டன்று. அதன்பின் வந்த செயலிகளின் அதிர்வெண் இன்றும் 6 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே நிற்கிறது. 1993 முதல் 2000 வரை ஏறிய அதே வீதத்தில் ஏறியிருந்தால் 2007லேயே 37 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியிருக்கும்.

மெதுவாக ஓடி முந்துதல்

மாற்றுப் பாதை அதே நிறுவனத்திற்குள்ளேயே இருந்தது. இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகரிலிருந்த குழு, மடிக்கணினிகளுக்கென ஒரு செயலியை வடிவமைத்து, 2003இல் பென்டியம் எம் என்ற பெயரில் அது வெளிவந்திருந்தது. மின்கலத்தில் இயங்க வேண்டிய கருவி என்பதால், அவர்கள் வாட் எண்ணை முதலில் வைத்துக்கொண்டு வடிவமைப்பைத் தொடங்கினர். 1.6 கிகாஹெர்ட்ஸில் இயங்கிய அதற்கு 24.5 வாட் என்பதே வெப்ப வரம்பு. துடிப்பு குறைவாயினும் ஒவ்வொரு துடிப்பிலும் அது செய்த வேலை மிகுதி. அதன் வழிவந்த கோர் 2 டுயோ செயலிகள் 2006இல் சந்தைக்கு வந்தபோது, 2.4 கிகாஹெர்ட்ஸில் 65 வாட் வரம்பில் இயங்கியது ஒன்றே 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ எளிதாக முந்தியது.

கோர் 2 டுயோவில் ஒரே துண்டில் இரண்டு உள்ளகங்கள் இருந்தன. இரண்டு ஏன் என்பதற்குப் பழைய வாய்பாடே விடை தருகிறது. ஓர் உள்ளகத்தின் அதிர்வெண்ணை 20 விழுக்காடு குறைத்தால், அதற்குத் தேவையான மின்னழுத்தத்தையும் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைக்கலாம் எனக் கொள்வோம். 0.8 × 0.8 × 0.8 என்பது 0.512. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்து, வெப்பத்தில் ஏறத்தாழ பாதியைச் சேமித்தாயிற்று. சேமித்த பாதியில் இன்னோர் உள்ளகத்தை இயக்கலாம். இரண்டும் சேர்ந்து பழைய வெப்பத்திலேயே 1.6 மடங்கு வேலையைச் செய்யும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வேலையை இரண்டாகப் பிரிக்க முடிய வேண்டும். வயலில் நாற்று நட நால்வர் வந்தால் வேலை நான்கில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். நட்ட நாற்று விளைவதற்கு எத்தனை பேர் வந்தாலும் அதே காலம்தான். முன்பு, பழைய நிரலைப் புதிய கணினியில் இட்டாலே அது விரைந்து ஓடியது. நிரலாளர்களுக்குக் கிடைத்துவந்த அந்த இலவசம் 2005 அளவில் நின்றுபோயிற்று. வேலையைப் பிரித்தெழுதும் பொறுப்பு அவர்கள் தோளில் ஏறியது.

தெரிந்து தெளிவோம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர் வடிவமைத்த முதல் ஆர்ம் செயலி 1985 ஏப்ரல் 26 அன்று சோதிக்கப்பட்டது. விலை குறைந்த பிளாஸ்டிக் உறையில் வைக்க வேண்டுமானால் வெப்பம் 1 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்களின் இலக்கு. செயலி சரியாக இயங்கியது. மின்னோட்டத்தை அளந்தபோது அளவி சுழியைக் காட்டியது. ஆராய்ந்தபோது, செயலிக்கு வரும் மின் இணைப்பே தரப்படவில்லை என்பது தெரிந்தது. மற்றச் சுற்றுகளிலிருந்து சமிக்ஞைக் கம்பிகள் வழியே வந்த மின்சாரத்தைக் கொண்டே அது ஓடியிருக்கிறது! இன்று கைப்பேசிகளில் இருப்பவை பெரும்பாலும் அதன் வழிவந்த செயலிகளே.

வெப்பத்தை வெளியேற்றும் வழி

செயலியின் மேல் செம்பு அல்லது அலுமினியத் துடுப்புகள் கொண்ட கட்டை ஒன்று அமர்ந்திருக்கும். கணினி பழுதுபார்ப்போர் அதனை ஹீட் சிங்க் என்பர். இரு உலோகப் பரப்புகள் ஒட்டினாற்போல் தோன்றினாலும் இடையே நுண்ணிய பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தை அரிதிற் கடத்துவது. அப்பள்ளங்களை நிரப்பவே தெர்மல் பேஸ்ட் எனப்படும் பசையைத் தடவுகின்றனர். பசை, காற்றைவிட நன்கு கடத்தும். உலோகத்தைவிட மிகக் குறைவாகவே கடத்தும். எனவே, மெல்லிய பூச்சே போதும். நிறையத் தடவினால் நன்மை என்று எண்ணுவோர் பலர், அது பிழை.

மடிக்கணினியில் செயலிக்கும் மின்விசிறிக்கும் இடையே தட்டையான செம்புக் குழாய் ஒன்று செல்லும். அதன் உள்ளே சிறிதளவு நீர்மம் உண்டு. சூடான முனையில் அது ஆவியாகி, குளிர்ந்த முனைக்குச் சென்று, அங்கு வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் நீர்மமாகி, குழாயின் உட்சுவரிலுள்ள திரி வழியாக ஊர்ந்து திரும்புகிறது.

எத்தனை ஏற்பாடு செய்தாலும், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த நிலைக்கு மின்விசிறியால் செயலியைக் கொண்டுவர இயலாது. ஒவ்வொரு வாட்டுக்கும் அரை டிகிரி ஏறும் அமைப்பு ஒன்றில் 100 வாட் செயலி, காற்றைவிட 50 டிகிரி மிகுந்த வெப்பநிலையில் இருக்கும். அறையின் வெப்பம் 25 டிகிரியானால் செயலி 75. கத்திரி வெயிலில் அறை 40 டிகிரியானால் செயலி 90. நூறை நெருங்கும்போது, செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் அதிர்வெண்ணைத் தானே குறைத்துக்கொள்கிறது. கோடையில் கணினி மந்தமாவதற்கு இது ஒரு காரணம். மெத்தையின் மீது வைத்து இயக்கும்போது காற்றுத் துளைகள் அடைபட்டு இதே நிலை நேர்கிறது. அதனை நச்சுநிரலின் வேலை என்று எண்ணிக் கடைக்கு எடுத்துச் செல்வோரும் உண்டு.

கணினியிலிருந்து வெளியேறிய வெப்பம் அறைக்குள் இருக்கிறது. ஒரு கணினியானால் அது பொருட்டன்று. பல்லாயிரம் கணினிகள் அடுக்கிய தரவு மையங்களில் அவ்வெப்பத்தைக் கட்டடத்துக்கு வெளியே தள்ளுவதற்கே தனியாக மின்சாரமும், பல இடங்களில் நீரும் தேவைப்படுகின்றன. பன்னாட்டு ஆற்றல் முகமையின் மதிப்பீட்டின்படி 2024இல் உலகத் தரவு மையங்கள் ஏறத்தாழ 415 டெராவாட்-மணி மின்னாற்றலை எடுத்துக்கொண்டன. அது உலக மின்நுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு.

உறங்கும் செயலி

இன்றைய செயலியில் உள்ள எல்லா டிரான்சிஸ்டர்களையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இயக்கினால் வெப்பத்தை வெளியேற்ற முடியாது. எனவே, பயன்படாத பகுதிகளுக்குத் துடிப்பை நிறுத்துகின்றனர். கசிவும் ஏற்படாதிருக்க மின் இணைப்பையே துண்டிக்கின்றனர். வேலை வந்தால் சிறிது நேரம் உச்ச வேகத்தில் ஓடி, விரைவாக முடித்துவிட்டு உறங்கிவிடுவது செயலிக்குச் சிக்கனமான வழிகளுள் ஒன்று. ஆகவே, பெட்டியின் மேல் அச்சிட்ட கிகாஹெர்ட்ஸ் எண் பெரும்பாலும் சில நொடிகளுக்கே உரியது. உடன் குறித்திருக்கும் வாட் எண்ணும் செயலி எடுக்கக்கூடிய உச்ச அளவன்று. குளிர்விக்கும் அமைப்பு எவ்வளவு வெப்பத்தைத் தாங்க வேண்டும் என்பதற்கான அளவு அது. உச்ச வேகத்தில் செயலி அதனைத் தாண்டுவதும் உண்டு.

மாணவர் ஒருவர் கணினித் திரையில் இப்பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தால், அவர் ஒரு வரியைப் படித்து முடிக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதன் செயலி உறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த பக்கத்திற்காக அவர் விசையை அழுத்தும்போது அது விழித்தெழுகிறது; சில கோடிக் குடங்களை நிரப்பிக் கவிழ்க்கிறது; அவர் முதற்சொல்லைப் படிப்பதற்குள் மீண்டும் உறங்கிவிடுகிறது.